மழைக்காலத்து மாத்திரை

ரத்தம் ஓட வேண்டுமா, உறைய வேண்டுமா? இருதயத்தில் உலோக வால்வு வைத்த நாளிலிருந்து இன்னாசிராஜின் வாழ்க்கை இந்தக் கேள்வியாகவே இருந்தது. வால்வில் ரத்தம் கட்டிவிடாமலிருக்கத் தினமும் ஒரு மாத்திரை. மனைவி மதலேனம்மாள் உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். அவர் பார்க்காமலே விழுங்குவார்.

தேவிகுளத்துத் தேயிலைக் காட்டில் மழை பிடித்துவிட்டால் அட்டைக்குக் கேட்கவா வேண்டும்? கடிவாயில் புகையிலைப் பொடியை அப்பினால் மற்றவர்களுக்கு ரத்தம் ஒருவழியாக நின்றுவிடும். அவருக்கு நிற்கவில்லை. மத்தியானம் கடித்தது விளக்கு வைக்கும் நேரத்திலும் கசிந்தது. வேட்டி நனைந்து, காலடியில் போட்ட சாக்கும் நனைந்தது.

"என்ன மயினி, அண்ணன் கால்ல பைப்பத் தொறந்து விட்டுட்டாரா?" என்றாள் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி.

மதலேனம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அட்டையின் எச்சிலும் ரத்தத்தை உறையவிடாது, மாத்திரையும் விடாது. ஆள் வற்றிப்போவார் என்று பயந்தாள். மழை விடும்வரை அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, அதே நிறத்தில் ஒரு சத்து மாத்திரையை நீட்டினாள். அவர் விழுங்கினார். சில நாள் கழித்துக் கடித்த கடி சீக்கிரமே நின்றது. மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

பாசத்தில் செய்தாள் என்று சொல்லிவிடலாம். ஆனால் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏசுவார் என்று கேட்கவில்லை.

மழை விடவில்லை. ஒரு காலை, கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. வாய் கோணியது. வலது கை துவண்டு விழுந்தது.

"காயம் பட்டா ரத்தத்துல இருக்குற தட்டணுக்கள் ஓடிவந்து ஒட்டும், மேல இழை இழையா வலை பின்னும். அப்படித்தான் அடைபடுது" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஷிஜி. "வால்வையும் ரத்தம் காயம்னே நெனச்சுக்கும், சேச்சி. அங்க கட்டுன கட்டி பிஞ்சு தலைக்குப் போயிருக்கு. குளிகைய ஆரு நிறுத்தினது?"

மதலேனம்மாள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் கட்டிலில் கிடந்தவர் இடது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தார்.

"நாந்தான்..." என்று குழறினார். "கசந்துச்சு. துப்பிட்டேன்."

டாக்டர் அவரைத்தான் ஏசினார். அவள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். அவள் கொடுத்த எதையும் அவர் துப்பியதில்லை.

வீடு திரும்பிய பிறகு, பழைய மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏன் அப்படிச் சொன்னீங்க? ஒங்களுக்குத் தெரியுமா?"

இன்னாசிராஜ் மாத்திரையைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்து காட்டினார்.