வாசமில்லாத காய்ச்சல்

"ஊது புள்ள" என்பாள் அத்தை. சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க மாட்டாள். மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து என் மூச்சை மோந்து பார்ப்பாள். புளித்த வாடை என்றால் வயிற்றுக் கோளாறு, இரும்பு வாடை என்றால் நெஞ்சுச்சளி. அதற்கேற்பக் கஷாயம் வைப்பாள். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவள் அவள். லயத்தின் வரிசை வீடுகளில் யாருக்கு உடம்பு சுட்டாலும் முதலில் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

மலையக மக்களின் மருத்துவ அறிவை நான் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்ட ஆய்வுக்கு எடுத்தபோது, அத்தைதான் அதில் பெரிய அத்தியாயம். பாதிவழியில் கொரோனா வந்து பாதைகளை மூடிவிட்டார்கள். நான் கொட்டகலையில் வீட்டுக்குள், அவள் தோட்டத்தில். தவணை நீட்ட முடியாது, தொலைபேசியில் தகவல் எடுங்கள் என்றார் பேராசிரியர். தினமும் மாலையில் அழைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் தனிமைப்படுத்தும் முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் சனம் அவளிடமே வருவதாகச் சொன்னாள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு எப்படி மோந்து பார்க்கிறது என்று சிரித்தாள். கதவைச் சாத்துங்கள் அத்தை என்று அப்போதே அதட்டியிருக்க வேண்டும். நான் கேட்டதெல்லாம், இன்றைக்கு வந்தவர்களிடம் என்ன வாடை என்பதுதான். பாவி நான்.

ஒருநாள் அவள் குரல் இறங்கியிருந்தது.

"இந்தக் காய்ச்சலுக்கு வாசமே இல்ல புள்ள. யாரு ஊதுனாலும் ஒண்ணும் தெரியல."

எனக்குக் கை பரபரத்தது. புது நோய்க்கு வாசமே இல்லை என்பதைவிட ஓர் ஆய்வுக்கு வேறென்ன வேண்டும்? அவள் சொன்னதை அப்படியே, தேதி போட்டு எழுதி அனுப்பினேன். பேராசிரியர் பாராட்டினார். வாசனை தெரியாமல் போவது இந்த நோயின் அடையாளம் என்று அந்த நாட்களில் வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலும்தான் கேட்டது. எனக்கு அந்த நேரத்தில் அத்தியாயம் முடிந்த சந்தோஷம்.

மூன்றாம் நாள் அத்தை மகள், என் மதினி, அழைத்தாள். அடுப்பில் கருவாடு கரியாகிக் கிடந்தும் அம்மா பக்கத்திலேயே ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது, இப்போது மூச்சு வாங்குகிறது என்றாள். நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முகத்தைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை.

காரியம் முடிந்ததும் மதினி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வாசம் தெரியலன்னு அம்மா ஒங்கிட்ட ஏதும் சொல்லுச்சா?"

"இல்ல மதினி" என்றேன்.

இந்த வருடம் மதினியின் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நான் படித்த அதே துறை. நூலகத்தில் முதல் வேலையாக என் ஆய்வைத் தேடி எடுத்து, அம்மாச்சி பேசியதை வாசிக்கப் போவதாக நேற்று போனில் சொன்னாள்.