மகளுக்குப் போட்ட மெக்னீசியம் ஊசி

நிறைமாதமாக இருந்த என் மகளுக்கு ஆஸ்பத்திரியில் திடீரென்று வலிப்பு வந்தது. “மாதாவே!” என்று அலறியபடி, வலிப்புக்கு இரும்பு கொடுப்பார்களே என்று சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தேன்.

நர்சம்மா அதைப் பிடுங்கினார். “இரும்பு இன்னா பண்ணும் நைனா? மெக்னீசியம் ஊசி போடணும், தள்ளிக்கோ!”

ஊசி போட்டார்கள். வலிப்பு அடங்கியது. அன்றே பேத்தி பிறந்தாள்.

“அது இன்னா மருந்தும்மா?” என்று பிறகு கேட்டேன்.

“நம்ம எலும்புல கீது, கீரையில கீது. சேலத்து வெள்ளைக்கல்லுல கூட அதான் கீது.”

எனக்குச் சிலிர்த்தது. இரும்பு உருக்கும் உலைக்குச் செங்கல் செய்ய அந்தக் கல்லுமாவு மூட்டைகளைத்தான் எண்ணூரில் இத்தனை வருஷமாகச் சுமக்கிறேன். “நான் தூக்குற சரக்கும்மா அது!” என்றேன்.

“அப்ப நீயும் பாதி டாக்டருதான், போ!” என்று சிரித்தார்.

மூட்டையின் வெள்ளைத் தூசியோடு மாதா கோயிலுக்குள் போக வெட்கப்பட்டு வாசலிலேயே கும்பிடுகிறவன் நான். மறுநாள் வேலை முடிந்ததும், அந்தத் தூசிச் சட்டையோடே உள்ளே போய் மாதா முன்னால் முழங்காலிட்டேன்.