எட்டுப் பேர் தூக்கிய படகு

கல்முனைக்குடிக் கடற்கரையில் மீராசாவைத் தெரியாதவர் இல்லை. கட்டை ஆள், தடித்த கழுத்து. கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வலைச் சிக்கெடுக்கக் குந்தி விடுவான். எழுபத்தெட்டுச் சூறாவளி அவனுடைய தோணியைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு தென்னையில் அடித்து இரண்டாகப் பிளந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் பிறத்தியாரின் தோணியில் கூலிக்குப் போனான். சொந்தத் தோணியில் நின்று உத்தரவு போட்டவனுக்கு அது எப்படி இருக்கும் என்று கடலுக்குப் போகாதவனுக்குச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது.

எண்பத்தொன்றாம் ஆண்டு தொடக்கத்தில் மீனவர் சங்கத்துக்கு இரண்டு பைபர் படகுகள் வந்தன. புதியவை அல்ல, வேறு கரையில் யாரோ ஒரு முதலாளியிடம் இரண்டு வருடம் ஓடியவை. ஒரே அச்சில் வார்த்த பதினெட்டடிப் படகுகள். வெள்ளை உடம்பு, விளிம்பில் நீலக் கோடு, புதுப் பெயிண்ட். மாறி மாறிப் பார்த்தாலும் எது எது என்று சொல்ல முடியாது.

சங்கத் தலைவர் ஷரிபுதீன் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"மீராசாட தோணிதான் அடியோட போனது. அவன் முதல்ல ஒண்டத் தெரிஞ்செடுக்கட்டும். மத்தது முனாபுக்கு."

முனாப் வேறு யாருமில்லை, மீராசாவின் பெண்சாதி சுபைறாவின் மூத்த காக்கா, கூடப் பிறந்த அண்ணன். இந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டாமல் கலியாணம் நடக்காது; மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் வந்து குடியிருப்பான். சுபைறாவைப் பெற்ற வாப்பா நேரத்தோடு மவுத்தாகிக் கண்ணை மூட, அவளுக்கு வீடு கட்டியது முனாப். கல்லும் மண்ணும் சுமந்து, தன் கலியாணத்தை ஆறு வருடம் தள்ளிப் போட்டான். அந்தக் கூரைக்குக் கீழேதான் மீராசா பதினான்கு வருடமாகப் படுத்து எழும்புகிறான். மச்சான் சொன்னால் மறுபேச்சுப் பேசுகிற வழக்கம் அவனிடம் இல்லை.

அதுவுமல்லாமல், முனாப் இரண்டு சீசன் திருகோணமலையில் பைபர் படகு திருத்துகிற இடத்தில் வேலைக்கு நின்றவன். மீராசாவோ பிறந்த நாள் முதல் மரத்தைத்தான் அறிவான். படகைத் தட்டிப் பார்த்தான், மோந்து பார்த்தான்.

"மரமெண்டா மூக்கே சொல்லும். இதில பெயிண்ட் மணம்தான் வருது," என்றான்.

"மாடு வாங்க வந்த மாதிரி நிக்கிறான்டா!" என்று கத்தினான் மசூர். மீராசாவோடு கடலுக்குப் போக இருந்தவன் அவன்; வயிறு முன்னால் போகும், ஆள் பின்னால் வருவான். "பல்லையும் எண்ணிப் பாரு மீராசா!"

கரை சிரித்தது. மீராசா சிரிக்கவில்லை. இரண்டு படகையும் தூக்கச் சொன்னான். முதலாவதை ஆறு பேர் இடுப்புக்குத் தூக்கினார்கள். இரண்டாவதை அதே ஆறு பேர் பிடித்தபோது அது மணலை விட்டு எழும்பவில்லை. இன்னும் இருவர் கை கொடுத்த பிறகுதான் அசைந்தது.

மீராசாவின் முகம் மலர்ந்தது. மரத்தோணிக்காரன் கண்ட கணக்கு அதுதான். பாரமான மரம் வைரமான மரம். லேசான தோணி இரண்டு மாரிக்கு நிற்காது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்க நினைத்தான்.

"மச்சான், நீ இந்தச் சாமானோட கிடந்தவன். நீ சொல்லு."

முனாப் பீடியை வாயிலிருந்து எடுக்கவில்லை. "உன்ட கை என்ன சொல்லுது?"

"பாரமானது நல்லம் எண்டு சொல்லுது. கடல்ல நிண்டு புடிக்கும்."

"அப்ப என்னத்துக்கு என்னக் கேக்காய்? பாரத்திலதான் பலம் இரிக்கி. எடு."

மீராசா எடுத்தான்.

முதல் மாதமே ஏதோ பிழை என்று தெரிந்துவிட்டது. இருவரும் விடியுமுன் வெள்ளாப்பில் ஒன்றாகத்தான் படகை இறக்குவார்கள். முனாபின் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும். மீராசாவின் படகு பிள்ளைத்தாச்சி நடக்கிற மாதிரி நகரும். சூரை மீன் கலக்கும் இடத்துக்கு இவன் போய்ச் சேரும்போது முனாப் வலையை ஏற்றி முடித்திருப்பான். மண்ணெண்ணெயோ இரட்டிப்பாகப் போயிற்று. மீராசா எஞ்சினைச் சந்தேகித்தான். முற்றத்தில் சாக்கு விரித்துக் கழற்றினான், துடைத்தான், பூட்டினான். சுபைறா பக்கத்தில் குந்தி ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

முனாப் வந்து பார்த்தான். "என்ட எஞ்சினப் போட்டு ஓடிப் பாரன்," என்றான். தன் எஞ்சினைக் கழற்றித் தருகிற மச்சான் யாருக்குக் கிடைப்பான்? அதைப் போட்டும் படகு அதே நடைதான் நடந்தது.

"மசூர இறக்கிப்போட்டு ஓடு," என்றான் முனாப். "வயித்தப் பாரு, ரெண்டாளுட பாரம்."

"என்ட வயித்தில கண் வைக்காத முனாப், அது என்ட வாப்பா தந்த சீதனம்!" என்றான் மசூர். மூவரும் சிரித்தார்கள். மீராசா அன்றைக்குச் சிரித்ததைப் பிறகு பல வருடம் நினைத்து நினைத்துக் கூசினான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலை, காற்று திடீரென்று திரும்பியது. இரண்டு அலை அடுத்தடுத்து ஏறிப் படகு நிரம்பியது. மீராசா பயப்படவில்லை. பைபர் படகு நிரம்பினாலும் தாழாது, மிதப்புக்காக உள்ளே போம் என்கிற நுரைப்பஞ்சு அடைத்திருக்கிறது என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள். அவன் கண் முன்னால் படகின் பின்பக்கம் கல்லுப்போலக் கீழே இறங்கியது. மூக்கு மட்டும் ஒரு முழம் வெளியே நின்றது. அதைக் கட்டிப் பிடித்தபடி அவனும் மசூரும் இரண்டு மணித்தியாலம் கிடந்தார்கள். மசூர் சாவுக்கு முன் சொல்லும் கலிமாவைச் சொல்லத் தொடங்கிவிட்டான்.

வடக்கே இழுபட்டுப் போனவர்களைக் கண்டது பாண்டிருப்பு மீனவன் கதிர்காமன், தெரிந்த முகம்தான். ஆட்களை ஏற்றி, படகையும் கட்டி இழுத்துத் தன் கரையில் சேர்த்தான். தேத்தண்ணி கொடுத்தான். பிறகு படகின் இருக்கைக்குக் கீழே விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனான்.

"காக்கா, இது தண்ணி குடிச்ச போட். இஞ்ச ஒரு வெடிப்பு, பெயிண்டால மறைச்சிரிக்கானுகள். உள்ளுக்க போம் எல்லாம் ஊறிப் போச்சு. ஆர் இதத் தெரிஞ்செடுத்துத் தந்த?"

"நான்தான் தெரிஞ்செடுத்தன்."

"அப்ப உங்கட மச்சானக் கூட்டிப் போகல்லியா? போன வருசம் எங்கட போட்டுக்கும் இதே நோய்தான். அவர்தான் வந்து பாத்தவர். ஓட்டை போட்டு வடிச்சுத் தந்தவரும் அவர்தான். ஒரே அச்சில ரெண்டு போட் நிண்டா பாரமானதத் தொட்டுப்போடாத எண்டு எனக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னவர்."

கதிர்காமன் கள்ளமில்லாமல் சொன்னான். மீராசா கோப்பையை மணலில் வைத்தான்.

"ஓட்டையப் போடு, கதிர்காமன்," என்றான்.

அடியில் துளைத்தார்கள். பழுப்புத் தண்ணீர் மதியம் லுகர் தொழுகை தொடங்கிப் பின்னேரம் அசர் பாங்கு வரைக்கும் ஒழுகியது. மீராசா எழும்பவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

செய்தி கேட்டு முனாப் ஓடி வந்தான். "அல்ஹம்துலில்லாஹ்! உசிரோட இரிக்காய்!" என்று கட்டிப் பிடிக்க வந்தவன் துளையைக் கண்டான். தண்ணீரைக் கண்டான். இது என்ன தண்ணீர் என்று அவன் கேட்கவில்லை. அதுவே போதுமாக இருந்தது மீராசாவுக்கு.

"கதிர்காமனுக்குச் சொன்ன சொல்ல எனக்குச் சொல்ல வாய் வரல்லியா, மச்சான்?"

முனாப் மணலில் உட்கார்ந்தான். "மூணும் பொம்புளப் புள்ள எனக்கு. மூணு ஊடு கட்டோணும். உனக்கு ரெண்டும் ஆம்புளப் புள்ள."

"லேசானது வேணுமெண்டு கேட்டிருக்கலாமே."

"கேட்டா தந்திருப்பியா?"

தந்திருப்பானா? மீராசாவுக்கே தெரியாது. முனாப் அதைத் தெரிந்துகொள்ளும் வழியையும் அடைத்துவிட்டிருந்தான்.

"என்ட வாயாலயே என்ன ஏமாத்தினாய்," என்றான்.

வீட்டுக்கு வந்து சுபைறாவிடம் சொன்னான். அவள் அழுதாள், அல்லாஹ் காப்பாற்றினான் என்றாள். அவளும் அந்தத் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

மீராசா அவளை உற்றுப் பார்த்தான். "உனக்கு எப்ப தெரியும்?"

"நீங்க போட்டக் கொண்டு வந்து மறு வாரமே காக்கா சொன்னாரு. சீசன் முடியத் தண்ணிய வடிச்சித் தாறன், பெரிசா ஒண்டுமில்ல, இப்ப கதைச்சா பகை வந்திரும் எண்டாரு."

"நான் எஞ்சினக் கழட்டிக் கழட்டிப் பூட்டினன். நீ பக்கத்தில குந்தி ஆணி எடுத்துத் தந்தாய்."

"தாழும் எண்டு எனக்குத் தெரியாது, அல்லாஹ் மேல சத்தியமா. அவர் எனக்கு வாப்பா மாதிரி. அவர் கட்டின ஊட்டில இரிந்து கொண்டு..."

"ஓம்," என்றான் மீராசா. "அவர் கட்டின ஊடுதான்."

வீட்டை விட்டுப் போகவில்லை. இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு எங்கே போவது? சோறு தின்றான், பேசினான், பெருநாளைக்குச் சுபைறாவுக்குச் சீலை எடுத்தான். படகை மட்டும் கல்முனைக்குடிக்குத் திருப்பிக் கொண்டு வரவில்லை. பாண்டிருப்புக் கரையில் கதிர்காமனின் படகுக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்தான். விடிய எழும்பி அவ்வளவு தூரம் நடந்து போவான். ஊறிய போம் முழுக்கக் காயவே இல்லை. எட்டுப் பேர் தூக்கியதை ஏழு பேர் தூக்கினார்கள், அவ்வளவுதான்.

சில வருடம் கழித்து முனாபின் மூத்த மகளுக்கு வீடு எழும்பியபோது ஊரார் பார்த்திருக்க மீராசா போனான். இரண்டு நாள் கல் சுமந்தான், சாந்து குழைத்தான். யாரும் குறை சொல்ல முடியாத வேலை. பத்து மணிக்கு முனாப் தேத்தண்ணிக் கோப்பையைத் தானே கொண்டு வந்து நீட்டினான்.

"கை எல்லாம் சீமெந்து," என்று சொல்லிவிட்டு மீராசா அடுத்த கல்லைத் தூக்கினான்.