இரண்டு பக்கமும் கேட்டவர்கள்

பிறத்தியார் குரலை வாங்கிப் பிறத்தியாரிடம் சேர்ப்பதுதான் கேசட் பதிவுக் கடைத் தொழில். நான் கடை திறந்த அன்று எங்கள் பெரியத்தா, "அடுத்தவங்க பேசுறதக் கேட்டுச் சம்பாதிக்கிறவன்..." என்று ஆரம்பித்து ஏதோ சொன்னார். காதைக் கழுவிவிட்டு உட்கார வேண்டும் என்றாரா, வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார வேண்டும் என்றாரா, மறந்துவிட்டது. கடை வைத்து உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் இந்தக் குழப்பம் இருக்கும். குவைத்தில் ரேடியோ கடையில் வேலை பார்த்துவிட்டு நாற்பத்தேழு வயதில் இரண்டு டேப் ரெக்கார்டரோடு விருத்தாசலம் திரும்பியவன் நான். என் குழப்பத்தை ஒரு பாட்டுக் கேசட் தீர்த்து வைத்தது.

போய் வரும் கேசட்

எங்கள் பக்கத்தில் அரபு நாட்டுக்குப் போனவர்கள் கடிதம் எழுதுவதைவிடக் கேசட்டில் பேசி அனுப்புவதுதான் அதிகம். வீட்டில் டேப் ரெக்கார்டர் இல்லாதவர்கள் என் கடைக்கு வந்து, திரைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டு முடித்ததும் அதே கேசட்டில், அந்தக் குரலின் மேலேயே பதில் பேசி அனுப்பிவிடுவார்கள். அங்கே இருப்பவர் அதன் மேல் பேசுவார். இப்படி ஒருவர் குரலை ஒருவர் அழிக்க, ஒரே கேசட் கடலைத் தாண்டிப் போய் வரும்.

கேசட்டின் முதுகில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தகடுகள் உண்டு. உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதியாது. ஒரு தடவை, சீமைக்குப் போன புருஷன் குரலை வைத்துக்கொள்ளட்டுமே என்று ஒரு பெண்ணிடம் தகட்டைக் காட்டி, உடைத்துத் தரவா என்றேன். அவர் கேசட்டை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார்.

"அவரு பேசுனது காதுல இருக்குது பாய். கேசட்டு திரும்பிப் போவணும்ல?"

வராத குரல்

சைனம்பு அக்காவுக்கு ஒரே மகன், சலீம். துபாயில் ஏசி மெக்கானிக். இந்தத் தடவை லீவில் வந்த நல்லூர்க்காரர் ஒருவர் கையில் அவன் கொடுத்தனுப்பிய கேசட் வழக்கமானது இல்லை. கொண்டுவந்தவர் அதைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பளபளவென்று அட்டை போட்ட இங்கிலீஷ் டான்ஸ் ஆல்பம். அக்கா அட்டையைப் பார்க்கவில்லை. போடச் சொன்னார்.

வயலின் இல்லை, டிரம் இல்லை. எல்லாமே மின்சாரத்தில் பிறந்த சத்தம். குவைத்தில் எவ்வளவோ கேட்டவன் நான், எழுந்து நின்றுவிட்டேன். தரையிலிருந்து ஒரு துடிப்பு கிளம்பி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. அதன் மேல் கண்ணாடித் துண்டுகளைக் கொட்டினாற்போல் ஒரு ராகம். அக்கா முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, மகன் எப்போது பேசுவான் என்று முதல் பக்கம் முழுக்கக் கேட்டார். திருப்பிப் போட்டேன். நடுவில் மிஷின் வழியாக வந்த மாதிரி ஒரு மனிதக் குரல் பாடியது. சட்டென்று நிமிர்ந்தார். சலீம் இல்லை. கேசட் முடிந்தது. அவன் நல்லாயிருக்கிறானா என்ற ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார். பழைய குரல் எதுவும் அவரிடம் மிச்சமில்லை. எல்லாவற்றின் மேலும் அவரே பேசி அனுப்பியிருந்தார்.

"பேசலன்னா பரவாயில்ல தம்பி. எங்கயாச்சும் இருமியிருப்பான். இன்னொரு தடவ போடுங்க."

மில்லுக்காரர் தீர்ப்பு

மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு, உங்க காதுலயாவது ஏதாச்சும் படுதா பாருங்க என்று கேசட்டை என்னிடமே விட்டுப் போனார். நானும் தினம் போட்டேன். மகனைத் தேடத்தான் போட்டேன், பாட்டுக்காகவும்தான்.

செராமிக் பேட்டையில் மண் அரைக்கிற மில் ஓட்டும் ராமலிங்கம் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்க வந்தவர், கையில் காயாத வெள்ளை மண்ணோடு அப்படியே நின்று கேட்டார். உருளைக்குள் கல்லும் மண்ணும் புரளும் சத்தத்திலேயே பதினைந்து வருஷம் இருந்தவர். டீ ஆறிப்போனது.

"நம்ம மில்லுதான் பாய் இது. ஆனா நம்மளுது நடுவுல கொஞ்சம் மூச்சு வாங்கும். இது வாங்கலியே."

தவில்காரர் தீர்ப்பு

ஸ்ரீமுஷ்ணத்துத் தவில்காரர் தன் கச்சேரியை நகல் எடுக்க வந்தார். இதைக் கேட்டதும் தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். எங்கேயாவது ஒரு இடத்தில் வாசிக்கிறவன் தடுமாறுவான், பிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தவர்போல் இருந்தது. பக்கம் முடியும்வரை அவன் தடுமாறவில்லை. இவர் கை சிவந்துவிட்டது. கும்பிடுவதா சண்டைக்குப் போவதா என்று தெரியாத முகத்தோடு எழுந்தார்.

"தனியாவர்த்தனம் முடிஞ்சா நாங்க துண்டெடுத்து வேர்வயத் தொடப்போம். இவனுக்குத் தொடைக்க மொகமே இல்ல போலிருக்குதுங்க."

வேப்பூர் பஸ்

வேப்பூர் போகும் பஸ்ஸுக்கு டிரைவர் ஒரு நகல் கேட்டு வாங்கிப் போனார். மறுநாளே கண்டக்டர் திருப்பிக் கொண்டுவந்தார். டிரைவர் கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழவே மாட்டேன் என்கிறதாம். இரண்டு ஊர் ஜனங்கள் தங்கள் ஊரைத் தாண்டி இறங்கி, திட்டிக்கொண்டே திரும்பி நடந்தார்களாம்.

"பாட்டு நல்லாத்தான் இருக்குது பாய். எறங்க எடந்தான் இல்ல."

மெட்ராஸ் தீர்ப்பு

இங்கிலீஷ் வாத்தியார் ஒருவர், மெட்ராஸ் பத்திரிகையில் இந்த ஆல்பத்தைப் பற்றி விமர்சனம் வந்திருக்கிறது என்று கொண்டுவந்தார். கடையில் இருந்தவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே படித்தேன். மிஷின் மிஷினுக்காக வாசித்த சங்கீதமாம். இதில் தேடினாலும் ஒரு மனிதன் கிடைக்க மாட்டானாம். தேடினாலும் என்ற வார்த்தையில் படிப்பதை நிறுத்திவிட்டேன். நான் பார்க்க ஒருவர் தேடியிருக்கிறார். வாத்தியார் பத்திரிகையை வாங்கி மறுபடி பார்த்தார்.

"எழுதினவர் ஒரு பக்கந்தான் கேட்டிருப்பார் பாய். ரெண்டாம் பக்கத்தப் பத்தி ஒரு வரிகூட இல்லையே."

நல்லூர்க்காரர்

கேசட் கொண்டுவந்த நல்லூர்க்காரர் லீவு முடிந்து கிளம்புமுன் தன் வீட்டார் குரலைப் பதிய வந்தார். அக்காவை ஆள் விட்டு வரவழைத்தேன். என்ன சேதி வருமோ என்று வாசற்படியைப் பிடித்துக்கொண்டே நின்றார் அக்கா. நல்லூர்க்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். சலீம் உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த வருஷமும் லீவு கிடைக்கவில்லை. அதைச் சொல்ல உட்கார்ந்து பட்டனை அமுக்கினால் பேச்சு வரவில்லையாம். வேலை முடிந்து ரூமில் சமைக்கும்போது தினமும் ஓடுகிற பாட்டையே எடுத்துக் கொடுத்துவிட்டானாம்.

அக்கா உட்கார்ந்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"அப்ப அவன் தெனம் கேக்குறதத்தான் நானும் இத்தன நாளு கேட்டிருக்கேன்."

பதில்

பதில் பேச வேண்டும் என்றார். கடையில் விற்கிற பாட்டுக் கேசட்டில் தகட்டை உடைத்தே அனுப்புவார்கள். அந்தப் பொந்தில் காகிதத்தை மடித்து அடைத்தால் மேலே பதியலாம். நான் காகிதம் எடுத்ததும் வேண்டாம் என்று தலையாட்டினார். பாட்டும் இருக்கணும், நானும் இருக்கணும் என்றார்.

ஒரு மிஷினில் ஆல்பத்தை ஓடவிட்டேன். இன்னொன்றில் புதுக் கேசட்டைப் போட்டு மைக்கை அவர் முன்னால் வைத்தேன். பாட்டு ஓட, அதன் மேல் பேசினார். ஆடு ரெண்டு குட்டி போட்டது, மாசி மகத்துக் கூட்டத்தில் செருப்பு தொலைந்தது, லீவு கிடைக்காட்டி என்ன, அடுத்த வருஷம் வா. அந்தத் துடிப்பு அவர் பேச்சைத் தோளில் ஏற்றிக்கொண்டு போவதுபோல் இருந்தது. மிஷின் குரல் பாட ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டார். அது முடிகிறவரை காத்திருந்துவிட்டுத்தான் தொடர்ந்தார். ஏன் நிறுத்தினீர்கள் என்று பிறகு கேட்டேன்.

"ஒருத்தரு பாடிக்கிட்டு இருக்காரு. குறுக்க பேசலாமா தம்பி?"

நல்லூர்க்காரர் கையில் கொடுக்குமுன், அந்தப் புதுக் கேசட்டின் முதுகில் இருந்த இரண்டு தகடுகளையும் உடைத்துவிட்டேன்.