ஒரு லாரிக்கு ஒரு தடவைதான்

உப்பள ஆபீசில் அன்றன்றைய லாரி வரிசைக்கு டேட்டாபேஸ் போட்டுக் கொடுத்தது நான்தான். லாரி நம்பரைப் பிரைமரி கீயாக வைத்தேன். அது ஒன்றே போதும், ஒரே நம்பரை இரண்டாம் முறை ஏற்காது. ஆனாலும் ஆர்வம் தாங்காமல் அதே நம்பருக்குத் தனியாக, ஒரு நம்பர் ஒரு தடவைதான் என்று ஒரு யூனிக் கட்டுப்பாடும் போட்டேன்.

ஒரு லாரி நாளுக்கு இரண்டு நடையும் வரும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. லாரி நம்பருக்குப் பதில், ஒவ்வொரு நடைக்கும் தரும் டோக்கன் எண்ணைப் பிரைமரி கீயாக மாற்றினேன். யூனிக் கட்டுப்பாட்டை மறந்துவிட்டேன்.

மறுநாள் மதியம் கடல் பக்கம் மேகம் கறுத்தது. கடைசி உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த அக்காவின் உப்புக் குவியல் திறந்து கிடந்தது. அதை ஏற்ற இரண்டாம் நடைக்கு வந்த லாரிக்கு டோக்கன் விழவில்லை. டோக்கன் இல்லாமல் சரக்கு ஏற்ற மாட்டார்கள்.

“ஏம்பா, நான் இங்க நிக்கிறேன். நீ என்னா, நான் காலைலயே வந்துட்டேன்ற?” என்றார் டிரைவர்.

“காலைலயும் வந்தீங்கண்ணா.”

“வந்தவன் திரும்ப வரக்கூடாதா?”

அக்கா வானத்தைப் பார்த்தார். “நம்பர் பக்கத்துல ஒரு புள்ளி வச்சு அடி தம்பி.”

“டேட்டா கெட்டுடும்க்கா.”

“உப்பு கெட்டா பரவால்லயா?”

 யூனிக் கட்டுப்பாட்டை நீக்க ஒரே வரி எழுதினேன். டோக்கன் விழுந்தது. தூறல் தொடங்குவதற்குள் முக்கால் குவியல் லாரியில் ஏறிவிட்டது. மீதியை ஓலை போட்டு மூட ஆள் போதவில்லை என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். போனேன்.