ஐந்து மணிக்குப் பிறகு எழுதிய வரிகள்

ஐந்து மணி ஆனதும் நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவேன். அவள் எழமாட்டாள். பொள்ளாச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள், இன்னும் கல்யாணம் ஆகாதவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "போய்ட்டு வாங்க அக்கா" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள்மேல் எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

காந்திபுரத்தில் ஒரு மாடி அலுவலகம். பெயர்களையும் விவரங்களையும் சேர்த்துவைத்துத் தேடித்தரும், வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் டேட்டாபேஸ் சர்வரில் வரும் பிழைகளை, அது எழுதப்பட்டிருக்கும் சோர்ஸ் கோடு வரிகளுக்குள் போய்த் திருத்துவது எங்கள் வேலை. திருத்தியவர் அந்த வரிகளுக்கு மேல் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட வேண்டும். பிரசவ விடுப்பு முடிந்து நான் திரும்பியபோது, நான் பார்த்துவந்த பகுதி முழுக்க அவள் எழுத்துகளாக இருந்தன.

அந்த நேரத்தில்தான் அந்தப் பிழை வந்தது. சர்வரில் இருக்கிற பெயரையே எப்போதாவது இல்லை என்று சொல்லும். மறுபடி கேட்டால் இருக்கிறது என்னும். மேனேஜர் என்னிடம், "அம்மணி, இந்த வாரத்துல முடியலீன்னா அந்தப் பகுதியவே அந்தப் புள்ளைகிட்டக் குடுத்துரலாமுங்க, உங்களுக்கும் குழந்தை இருக்குதல்ல" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அன்று மதியம் சாப்பிடப் போகாமல் அந்தப் பிழையோடு உட்கார்ந்தேன்.

தனியாக எத்தனை முறை சர்வரை ஓட்டிப் பார்த்தும் பிழை வரவில்லை. வேறு வழியின்றி அவளையே கூப்பிட்டேன்.

"நான் பேரச் சேக்கறனுங்க, நீங்க தேடுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா எண்டர் தட்டோணும். இப்பங்க!" என்றாள்.

தட்டித் தட்டி விரல் வலித்தது. "கொட்டு மேளம் போதுமுங்க சாமி" என்று பக்கத்து மேசைக்காரர் கிண்டல் செய்தார். மதியத்துக்குமேல் ஒருமுறை, என் திரையில் 'இல்லை' என்று வந்தது. எனக்குச் சட்டென்று புரிந்தது. பெயர்கள் வரிசையாக இருக்கும் பக்கம் நிரம்பினால், சர்வர் பாதியைப் புதுப் பக்கத்துக்கு மாற்றும். அந்த நொடியில் தேடுகிறவருக்குப் பழைய பக்கம் மட்டுமே தெரிகிறது; புதுப் பக்கத்துக்குப் போன பெயர் இல்லை என்று வருகிறது.

"மாத்தி முடிக்கறவரைக்கும் பக்கத்தைப் பூட்டிப்போட்டாச் சரியாயிடும்" என்றேன்.

"அத்தன பேரும் காத்துக்கிட்டு நிக்கோணுங்களே அக்கா?"

மணி ஐந்து. பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். காலையில் குழந்தைக்கு உடம்பு சுட்டது. வீட்டு வாசலிலேயே மாமியார், "ஏங்கண்ணு, உங்க ஆபீஸ்ல கடியாரமே இல்லியா?" என்று கேட்டார்.

மறுநாள் போனபோது பிழை திருத்தப்பட்டிருந்தது. மேலே என் பெயரின் முதலெழுத்துகள். கீழே இருந்த வரிகள் நான் சொன்னவை அல்ல. அவள் எதையும் பூட்டவில்லை. பாதி எங்கே போனது என்ற குறிப்பைப் பழைய பக்கமே வைத்திருக்கும். தேடுகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடலாம். யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

அதில் ஒரு தப்பாவது கிடைக்காதா என்று மதியம் வரை சோதித்தேன். கிடைக்கவில்லை. மேனேஜரிடம் போய் இது அவள் எழுதியது என்றேன். "எடத்தக் கண்டுபுடிச்சது அக்காதானுங்க. நாலு வரி எழுதறது ஒரு வேலைங்களா?" என்று அங்கேயே இருந்த அவள் சிரித்தாள். அவளுக்கு அது உண்மையாகவே ஒரு வேலையாக இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தப் பகுதி என்னிடமே நின்றது. அவள் இப்போது அமெரிக்காவில் இருக்கிறாள். என் மகள் எல்.கே.ஜி. போகிறாள். புதிதாகச் சேர்கிறவர்கள் அந்த வரிகளைப் படித்துவிட்டு என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள். எழுதியது அவள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு நாற்காலிக்கு வந்ததும் அதே கேள்விதான் வருகிறது. அன்று மாலை நானும் எழாமல் உட்கார்ந்திருந்தால், அந்த வழி எனக்குத் தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்று ஒருநாள் நினைக்கிறேன். மறுநாள் அந்த வரிகளைத் திறந்து படிக்கிறேன்.