ஆம்பூரிலிருந்து வேலூருக்கு நான்கு பீங்கான் வில்லைகள்

காலை 7.20. எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கிய நேரம் அது. அப்போது எனக்குத் தெரியாது.

மகள் ஷபானா வேலூரில் ஆராய்ச்சி மாணவி. அணுக்கழிவைப் பூட்டி வைக்கும் பீங்கான், கதிர்வீச்சை எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்ப்பது அவள் வேலை. பக்ரீத்துக்கு வந்தவள், அந்தப் பீங்கானில் செய்த நான்கு வில்லைகள் இருந்த பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டாள். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் கிளம்பினேன். என் கணவர் ஷூ தொழிற்சாலையில் ஃபினிஷிங் சூப்பர்வைசர்.

"வில்லைல மங்கலா கறை இருந்துச்சு. மூணை பஃபிங் தாள்ல தேச்சுப் பளபளன்னு ஆக்கிட்டேன். நாலாவது போவல, ஃபேக்டரிக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று 7.20க்குச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். வாங்க வரும் வெளிநாட்டு பையருக்குக் காட்டும் தோலில் கறை இருக்கக் கூடாது. அந்தப் பழக்கம்.

8.05 பேருந்து. ஐம்பது கிலோமீட்டர், நாற்பது ரூபாய். மாதனூர் தாண்டியதும் பக்கத்து இருக்கைப் பெண் கேட்டார்.

"பெட்டில இன்னா மேடம், மக்கன் பேடா ஸ்வீட்டா?"

"அணுக்கழிவு வைக்கிற பீங்கான்."

சட்டென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இதுல கதிர்வீச்சு எதுவும் இல்லம்மா, உக்காருங்க."

"நீயே தாராளமா உக்காரு மேடம். எனக்கு ரெண்டு புள்ளைங்க."

வெளியே பாலாறு. எங்கள் ஊர்த் தோல் ஆலைக் கழிவை யாரும் எதிலும் பூட்டி வைக்கவில்லை, ஆற்றில்தான் விட்டார்கள். அந்தக் கரைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர், ஒரு கையகலப் பெட்டிக்குப் பயந்து நின்றுகொண்டு வருகிறார்.

பள்ளிகொண்டா அருகே ஷபானா அழைத்தாள். அப்பா மெருகேற்றியதைப் பெருமையாகச் சொன்னேன்.

"அம்மா, அந்தக் கறைதான் பாதிப்பு. ஆயிரம் வருஷத்துச் சேதத்தை அயனிக் கற்றையால அடிச்சு உண்டாக்கினது. முடியைவிட மெல்லிசு. அதைத்தான் நான் அளக்கணும்."

"மறுபடி அடிக்க முடியாதா?"

"அந்த மெஷினுக்கு ஒரு வருஷம் காத்திருந்தேன். உதவித்தொகை டிசம்பரோட முடியுது." மூச்சு வாங்கினாள். "ஒண்ணு இருந்தாலும் போதும். நாலாவதைத் தொட வேணாம்னு அப்பாகிட்ட சொல்லும்மா."

தொழிற்சாலையில் கைபேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அவருக்கு அழைத்தேன், காவலாளிதான் எடுத்தார். "சார் அரை நாள் லீவு சொல்லிட்டு இப்பதான் வண்டில வேலூருக்குக் கெளம்பினார் மேடம். போனை வாங்காமலே போய்ட்டாரு." விரிஞ்சிபுரம் எப்போது கடந்தது என்று எனக்கு நினைவில்லை.

வேலூரில் ஆய்வுக்கூட வாசலில் நானும் ஷபானாவும் நின்றிருந்தோம். அவள் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, சாலையையே பார்த்தாள்.

10.40க்கு வியர்வை சொட்ட அவர் வந்து சேர்ந்தார். மென்துணியில் சுற்றியதைப் பிரித்து மகளிடம் நீட்டினார்.

"மெஷின்லயே போட்டு எடுத்துட்டேன். ஒரு புள்ளி கறை இல்ல. பாரும்மா, கண்ணாடி மாதிரி."